உள்ளே ஒன்றும் அச்சடிக்காத கார்டு

வாழ்த்து அட்டை விற்கிற கடையில்தான் கருமாதி பத்திரிகைக்கும் ஆர்டர் எடுப்பார்கள். அதனால்தான் தேவா எங்கள் கடைப் படியில் கால் வைத்ததும் நான் கவுன்டருக்குக் கீழே உட்கார்ந்துகொண்டேன்.

ஏதோ தேடுகிற மாதிரி உட்கார்ந்தேன். ஷோகேஸுக்கும் தரைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருக்கும். அதன் வழியாக அவன் கால் தெரிந்தது. செருப்பு இல்லை. தேவாவும் நானும் ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. பிளஸ் ஒன்னில் பாதியில் நான் நின்றுவிட்டேன், அவன் மேலே போய்விட்டான். சினேகிதம் அப்படியேதான் இருந்தது. அந்த வாரம் அவன் அப்பா இறந்துபோனார். காலையில் நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. சேதி வந்ததும் கிளம்பினேன். ரயில்வே குவார்ட்டர்ஸ் முனை வரைக்கும் போனேன். பந்தல் போட்டிருந்தார்கள், வாசல் முழுக்கச் செருப்பு. உள்ளே போய் அவனிடம் என்ன சொல்வது என்று யோசித்தேன். ஒன்றும் வரவில்லை. திரும்பி வந்துவிட்டேன். மறுநாள் போயிருக்கலாம். ஆனால் மறுநாள் போனால் நேற்று ஏன் வரவில்லை என்பதற்கும் சேர்த்துப் பதில் சொல்ல வேண்டும். அதற்கு அடுத்த நாள் இன்னும் மோசம். இப்படியே தள்ளிக்கொண்டு வந்தால், அவனே வந்து எதிரில் நிற்கிறான்.

முருகேசன் அண்ணன்தான் கடை முதலாளி. கீழே என்னைப் பார்த்தார், எதிரே அவனைப் பார்த்தார், மாதிரி ஆல்பத்தை எடுத்துப் போட்டார். கறுப்பு பார்டர். பதினாறாம் நாள் காரியம். அந்தப் பத்திரிகைக்கு மேட்டர் எல்லாருக்கும் ஒன்றேதான், பேரும் ஊரும் மட்டும் மாறும். தேவா அப்பா பேரை எழுத்துக் கூட்டிச் சொன்னான். குரல் சாதாரணமாக இருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கிளம்பும்போது, "பாலு இல்லையாண்ணா?" என்று கேட்டான். "இங்கதான் இருந்தான்" என்றார் அண்ணன். பொய் சொல்லவில்லை பாருங்கள். தேவா படி வரைக்கும் போய்த் திரும்பினான். அப்புறம் சொன்னான்:

"வந்தா, நான் வந்துட்டுப் போனேன்னு மட்டும் சொல்லுங்கண்ணா. வேற ஒண்ணும் சொல்ல வேணாம்."

பெட்டி

கடையில் நின்று வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், எல்லா வார்த்தையும் நமக்குப் புத்தகத்திலிருந்து வருவதில்லை, சரக்கோடும் வரும். எனக்கு அப்படி ஒரு வார்த்தை அந்த வருஷம் பொங்கலுக்கு முன்னால் வந்தது. தேவா அப்பா அப்போது நன்றாகத்தான் இருந்தார்.

எங்கள் கடை தாம்பரம் ஸ்டேஷனுக்கு மேற்கே, மார்க்கெட் போகிற வழியில். கார்டு, பொம்மை, வளையல், பத்திரிகை ஆர்டர். பொங்கலுக்கும் நியூ இயருக்கும் நிற்க இடம் இருக்காது, மற்ற நாளில் ஈ ஓட்டுவோம். நான் இங்கிலீஷ் மீடியத்தில் படித்தவன் என்ற ஒரே காரணத்துக்காக அண்ணன் என்னை வேலைக்கு வைத்தார். கார்டில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கிறவர்களுக்கு அர்த்தம் சொல்ல வேண்டும். எனக்குத் தெரியாவிட்டால் கல்லாவுக்குப் பக்கத்தில் அட்டை கிழிந்த டிக்ஷனரி ஒன்று இருந்தது. அண்ணன் பாரிஸ் கார்னர் போய் மொத்தமாகச் சரக்கு எடுப்பார். அந்தத் தடவை ஒரு பெட்டி நிறைய ஒரே கார்டாக எடுத்து வந்துவிட்டார். மேலே ஒரு கரடிக்குட்டி, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறது. கீழே வெள்ளி எழுத்தில் 'ஸ்பீச்லெஸ்'. பிரித்தால் வெறும் வெள்ளை. வேண்டுமென்றேதான் அப்படி விட்டிருக்கிறார்கள். அண்ணன் பிரித்துப் பார்க்காமல் வாங்கியிருக்கிறார்.

முதல் கார்டு சேலையூர் பக்கத்துக் காலனியிலிருந்து வருகிற பாங்க் அம்மாவுக்குப் போனது. மறுநாளே கொண்டுவந்து கவுன்டரில் போட்டார். "உள்ள பிரின்ட்டே ஆகலப்பா. டிஃபெக்டிவ் பீஸ். வேற குடு." வேறு கொடுத்தேன், அதுவும் வெள்ளை. அதற்கடுத்ததும் வெள்ளை. பெட்டி முழுக்கவா இப்படி என்று அவருக்குக் கோபம். டிக்ஷனரியை எடுத்துப் படித்துக் காட்டினேன்: அதிர்ச்சியாலோ கோபத்தாலோ மகிழ்ச்சியாலோ பேச முடியாமல் போன நிலை. "சரி, வாங்கறவங்களுக்கு இந்த மூணுல எதுன்னு எப்படிப்பா தெரியும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. வளையல் பக்கம் நிற்கிற கலா அக்காதான் பதில் சொன்னார். முடிச்சூர்க்காரர், நிலமெல்லாம் பிளாட்டாகப் போன பிறகு வேலைக்கு வந்தவர், மனதில் வந்ததை அப்படியே சொல்லிவிடுவார்.

"பேச்சு வரலன்னு சொல்றதுக்கு இன்னாத்துக்கும்மா துட்டு குடுத்து கார்டு வாங்கிக்கினு? நேரா போய் நின்னாலே தெரிஞ்சிடுமே."

காலேஜ் பையன்

பெட்டியை எப்படியாவது தள்ளிவிடு என்று அண்ணன் என் தலையில் கட்டிவிட்டார். காட்டாங்குளத்தூர் காலேஜ் பையன்கள் சனிக்கிழமை வண்டி பிடித்துத் தாம்பரம் வருவார்கள். சினிமாவுக்குப் போவதற்கு முன்னால் கடையில் ஒரு சுற்றுச் சுற்றுவார்கள். அதில் கண்ணாடி போட்ட ஒருத்தன் லவ் கார்டு ஸ்டாண்டுக்கு முன்னால் நின்றால் நகரவே மாட்டான். ஒவ்வொன்றாக எடுத்து, இது ஓவராக இருக்கிறதா, இது தங்கச்சிக்குக் கொடுப்பது மாதிரி இருக்கிறதா என்று என்னைக் கேட்பான். என்னைவிடப் பெரியவன், என்னை அண்ணா என்பான். கவுன்டருக்குப் பின்னால் நின்றால் எல்லாருக்கும் நாம் அண்ணன்தான்.

எனக்குப் பொறுமை கிடையாது. கரடியை எடுத்து அவன் கையில் வைத்தேன். "உங்களப் பாத்ததும் எனக்குப் பேச்சே வரலன்னு அர்த்தம். உள்ள ஒண்ணும் எழுதாதீங்க. எழுதினா கெட்டுடும்" என்று அடித்துச் சொன்னேன். அவனுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. அடுத்த சனிக்கிழமை வந்தான். அந்தப் பெண் கார்டை வாங்கிக்கொண்டாளாம். பிரித்துப் பார்த்தாளாம். பின்பக்கம் திருப்பிப் பார்த்தாளாம். அப்புறம் அவன் கையிலேயே கொடுத்துவிட்டாளாம். நான் அன்றைக்காவது ஒரு வழி சொல்லியிருக்கலாம். அடுத்த ஆளுக்குச் சில்லறை கொடுப்பது மாதிரி நின்றுகொண்டேன். அவன் கார்டையும் பேனாவையும் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலேயே இருந்தான். ஒரு எழுத்துகூட எழுதவில்லை. அதற்கப்புறம் எங்கள் கடைக்கு வரவும் இல்லை. என்ன ஆனான் என்று தெரியாது. அவன் சொன்னது மட்டும் காதில் இருக்கிறது:

"அவ கோவிச்சுக்கவே இல்லண்ணா. 'எழுதி முடிச்சிட்டுக் குடுங்க'ன்னு சொன்னா. இப்ப என்னண்ணா எழுதறது?"

இங்கிலீஷ் சார்

கார்டில் இருந்த அந்த வார்த்தையை வாயால் சொல்லி நான் காதில் கேட்டது ஒரே ஒருத்தரிடம்தான். எங்கள் ஸ்கூல் இங்கிலீஷ் சார். பேர் வேண்டாம், இன்னும் சர்வீஸில் இருக்கிறார். பேனாவுக்கு ரீஃபில் வாங்க வந்தவர், எடுத்துக் கொடுத்த கையிலிருந்து மெதுவாக மேலே பார்த்துக்கொண்டே வந்து என் முகத்தில் நின்றார். "பாலசுப்ரமணியன்? நீ இங்கயா நிக்கற? ஐ ஆம் ஸ்பீச்லெஸ்" என்றார்.

சொல்லிவிட்டு ஆரம்பித்தார். என் கையெழுத்து எவ்வளவு நன்றாக இருக்கும், என்னைப் பெற்றவர்கள் எவ்வளவு கஷ்டப்பட்டிருப்பார்கள், தேவா எவ்வளவு ஒழுங்காகப் படிக்கிறான், அவர் மகன் எந்தக் காலேஜில் சேரப் போகிறான், இந்தத் தலைமுறை எங்கே போய்க்கொண்டிருக்கிறது. பின்னால் நான்கு பேர் நின்றார்கள். எனக்கும் அவரிடம் சொல்ல ஒன்று இருந்தது. 'சார், நீங்க முன் ரெண்டு பெஞ்சத் தாண்டி யாரையும் கேள்வி கேட்டதே இல்ல. நான் மூணாவது பெஞ்சு.' திட்டுவதற்காக இல்லை, ஒரு தகவலாகத்தான். அதைச் சொல்லியிருந்தால் அவரும் ஒரு நிமிஷம் யோசித்திருப்பாரோ என்னவோ. நான் சொன்னது, "சார், ரீஃபில்." வாங்கிக்கொண்டு போய்விட்டார். கலா அக்கா அவர் தெரு திரும்புகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அந்த இங்கிலீஷுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். பேச்சே வரவில்லை என்று அர்த்தம், அந்தக் கரடி கார்டில் இருப்பதுதான் என்றேன்.

"வராதப்பவே இம்மா நேரம் பேசிக்கினு இருந்தாரே. வந்திருந்தா நம்ம கத இன்னாடா ஆயிருக்கும்?"

மணமகள் தாயார்

கல்யாணப் பத்திரிகைக்கு மேட்டர் எடுக்கிறவன் கேள்விகளை வரிசையாகக் கேட்க வேண்டும். நடுவில் நின்றால் யாராவது ஒரு மாமா பேர் விட்டுப்போகும், அந்தச் சண்டை நம் தலையில் விழும். அதனால் நான் போலீஸ்காரன் மாதிரிதான் கேட்பேன். முடிச்சூரிலிருந்து ஒரு பெரியவர் தன் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்க வந்திருந்தார். வேட்டி, தோளில் துண்டு, கூட யாரும் இல்லை. மாப்பிள்ளை பேர், அவர் அப்பா பேர், கல்யாணம் திருநீர்மலையில், எல்லாம் டக் டக்கென்று சொன்னார். "மணமகள் தாயார் பேர்?" என்றேன். நின்றுவிட்டார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "சொல்லுங்க பெரியவரே, பின்னாடி ஆள் நிக்குது" என்றேன்.

கலா அக்கா வளையலை விட்டுவிட்டு வந்து என் முழங்கையில் நறுக்கென்று கிள்ளினார். அவர் ஊர் ஆள், அவருக்கு விஷயம் தெரியும். ஆடி மாசம் அந்த அம்மா போய்விட்டாராம். வருஷத்துக்குள் பெண் கல்யாணத்தை முடித்துவிட வேண்டும் என்று சொந்தக்காரர்கள் அவசரப்படுத்துகிறார்கள். எனக்கு அப்போதும் வேலை புத்திதான். இறந்தவர் பேருக்கு முன்னால் போட மாதிரி ஆல்பத்தில் வார்த்தைகள் இருக்கின்றன, எது வேண்டும் என்று பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன். அவர் அதைப் பார்க்கவில்லை. கோபம், அதிர்ச்சி, மகிழ்ச்சி என்று டிக்ஷனரியில் போட்டிருந்த மூன்றில் அவர் முகத்தில் எதுவும் இல்லை.

"இந்தக் கல்யாணத்த என்கூட குந்திக்கினு பேசினதே அதுதான்பா. இப்ப அது பேருக்கு முன்னால இன்னாவோ போடணும்ன்ற. நீயே எதுனா போட்டுக்க. என்ன கேக்காத."

டீ டம்ளர்

தேவா அப்பா ரயில்வேயில் கிளார்க். சாயங்காலம் பீச் ஸ்டேஷனிலிருந்து வரும் வண்டியில் இறங்கி, எங்கள் கடைக்குப் பக்கத்து டீக்கடையில் டீ வாங்கிக்கொண்டு, எங்கள் படியில் உட்கார்ந்துதான் குடிப்பார். டீக்கடை பெஞ்சில் புகை பிடிக்கிறார்கள் என்று சொல்வார். தேவாவுக்கு நண்பன் என்பதால் எனக்கும் ஒரு டம்ளர் வரும்.

நான் ஸ்கூலுக்குப் போவதை நிறுத்தியபோது வீட்டில் அடித்தார்கள். மாமா வந்து திட்டினார். பக்கத்து வீட்டுக்காரர்கள் புத்தி சொன்னார்கள். ஏன் என்று கேட்டவர் இவர் ஒருத்தர்தான். "ஏன்டா நிறுத்திட்ட?" என்றார். திட்டுகிற 'ஏன்டா' இல்லை, தெரிந்துகொள்வதற்காகக் கேட்கிற 'ஏன்டா'. பதில் என்னிடம் இருந்தது. பிளஸ் ஒன் கணக்கு எனக்குப் புரியவில்லை. கிளாஸில் எல்லாரும் தலையாட்டுவார்கள், நானும் ஆட்டுவேன். ஒரு நாள் ஆட்டப் பிடிக்கவில்லை, போகவில்லை. அவ்வளவுதான் விஷயம். டீ ஆறுவதற்குள் சொல்லிவிடலாம். ஆனால் தேவாவுக்கு அதே கணக்கு புரிந்தது. அவன் அப்பாவிடம் போய் எனக்குப் புரியவில்லை என்று எப்படிச் சொல்வது? அடுக்கியிருந்த கார்டுகளைக் கலைத்து மறுபடி அடுக்கினேன்.

அவர் அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. படியில் உட்கார்ந்து கிரிக்கெட் பேசுவார், தேவா வீட்டில் செய்கிற அட்டகாசத்தைச் சொல்வார். நானும் நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று ஒவ்வொரு நாளும் இருந்துவிட்டேன். நீங்களும் யாரிடமாவது இப்படி இருந்திருப்பீர்கள். ஏன் என்று கேட்ட அன்றைக்கு டம்ளரை வைத்துவிட்டு எழுந்தபோது அவர் சொன்னது இது:

"இப்பவே சொல்லணும்னு இல்லடா. உனக்கு எப்ப சொல்லத் தோணுதோ அப்ப சொல்லு. நான் எங்க போகப்போறேன், இதே வண்டிக்குத்தான் வருவேன்."

தபாலில் துக்கம்

தேவா ஆர்டர் கொடுத்துவிட்டுப் போன மறுநாள் எனக்கு ஒரு யோசனை வந்தது. நேரில் போவதற்குத்தான் வாய் வேண்டும், கார்டு அனுப்பினால் வேண்டாமே. எங்கள் கடையில் துக்கத்துக்குக் கார்டு உண்டா என்று தேடினேன். ஸ்டாண்டுக்கு அடியில், தூசியில் ஒன்றே ஒன்று கிடந்தது. வெள்ளைப் பூ, உள்ளே நான்கு வரி இங்கிலீஷ். ஏர்ஃபோர்ஸ் குவார்ட்டர்ஸிலிருந்து வடக்கத்தி ஆட்கள் எப்போதாவது கேட்பார்கள் என்று அண்ணன் வாங்கிப் போட்டது. நம் ஆட்கள் யாரும் கேட்டதில்லை.

அந்த நான்கு வரியை டிக்ஷனரி வைத்துப் படித்தேன். 'உங்கள் இழப்பு', 'எங்கள் எண்ணங்கள்' என்று என்னென்னவோ இருந்தது. தேவா என்னை 'டேய்' என்று கூப்பிடுகிறவன். இதைப் படித்தால் யாரோ ஆபீசர் அனுப்பியிருக்கிறார் என்று நினைப்பான். சரி, கரடியை அனுப்பலாமா என்று பெட்டியைத் திறந்தேன். பேச்சு வரவில்லை என்பதுதானே என் பிரச்சினை, அது அப்படியே அட்டையில் இருக்கிறது. ஆனால் அந்தக் கரடி சிரிக்கிறதா அழுகிறதா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. வாயைப் பொத்திக்கொண்டிருக்கிறதே. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அண்ணன் வந்து பின்னால் நின்றது தெரியவில்லை.

"நாலு தெரு தள்ளி இருக்கற வீட்டுக்கு ஸ்டாம்ப் ஒட்டப் போறியாடா நீ?"

மஞ்சள்

பிரஸ்ஸிலிருந்து பத்திரிகை வந்துவிட்டது. தேவா வீட்டிலிருந்து யாரும் வாங்க வரவில்லை. நீ போய்க் கொடுத்துவிட்டு வா என்றார் அண்ணன். கலா அக்கா போகட்டுமே என்றேன். கலா அக்கா சும்மா இருப்பாரா? "போடா. இன்னும் எத்தினி நாளிக்கு கவுன்டருக்கு அடியில குடித்தனம் பண்ணிக்கினு இருப்ப?" என்றார். மதியம் சாப்பிட வீட்டுக்குப் போனபோது அம்மாவிடம் கேட்டேன், அங்கே போய் என்ன பேசுவது என்று. "ஒண்ணும் பேச வேணாம். போ, உக்காரு, கொஞ்ச நேரம் இரு. எழுந்து வரும்போது போயிட்டு வரேன்னு மட்டும் சொல்லிடாத. சாவு வீட்ல சொல்லிக்கக் கூடாது. பேசாம எழுந்து வந்துடு" என்றாள் அம்மா. எனக்குப் பெரிய நிம்மதி. பேசாமல் வருவதுதான் அங்கே மரியாதை என்றால், அதில் என்னை மிஞ்ச ஆள் இல்லை.

எங்கள் கடையில் ஒரு வழக்கம். எந்தப் பத்திரிகைக் கட்டு வந்தாலும், மேலே இருக்கிற பத்திரிகையின் நான்கு மூலையிலும் மஞ்சளைக் குழைத்துத் தடவித்தான் ஆள் கையில் கொடுப்போம். அது என் வேலை. கருமாதி பத்திரிகைக்கு மட்டும் மஞ்சள் கிடையாது. அதைக் கடை கவரிலும் போட மாட்டோம், கவரில் 'நன்றி, மீண்டும் வருக' என்று இருக்கும். பழைய பேப்பரில் சுற்றித்தான் கொடுப்போம். அன்றைக்கு மூன்று கட்டுகள் வந்திருந்தன. இரண்டு கல்யாணம், மூன்றாவது தேவா அப்பாவுடையது. தேவாவைப் பார்த்ததும் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று யோசித்துக்கொண்டே கையை ஓட்டினேன். பேப்பரில் சுற்ற வேண்டும் என்பது ஞாபகம் இருந்தது. சுற்றினேன். சைக்கிள் கேரியரில் வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

தேவா வாசலில் வாடகை நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தான். மொட்டைத் தலை. அவனை மொட்டையில் நான் பார்த்ததே இல்லை, காது பெரிதாகத் தெரிந்தது. "வாடா" என்றான். உள்ளே போய் உட்கார்ந்தேன். அவன் அம்மா பாயில் சுவரோடு சாய்ந்திருந்தார். அவன் பெரியப்பா கட்டிலில் இருந்தார். போட்டோவுக்கு முன்னால் விளக்கு எரிந்தது. யாரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. தேவா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, "அன்னிக்குக் கீழதான இருந்த?" என்றான். "ஆமா." "முட்டி தெரிஞ்சுது."

பெரியப்பா பத்திரிகைக் கட்டைப் பிரித்தார். கறுப்பு பார்டரின் நான்கு மூலையிலும் பளிச்சென்று மஞ்சள். "யாருய்யா வெச்சது இத? கல்யாண வீடாய்யா இது? கொஞ்சமாவது அறிவு வேணாம்?" என்றார். எழுந்து நின்றேன். கை வழக்கத்தில் வைத்துவிட்டேன் என்று சொன்னால் போதும். வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. பத்திரிகை தேவா கைக்குப் போனது. பார்த்தான். தோள் குலுங்க ஆரம்பித்தது. "விடுங்க பெரியப்பா. டேய் பாலு, எங்கப்பாவுக்கு ரெண்டாங் கல்யாணமாடா? எங்கம்மாகிட்ட ஒரு வார்த்த கேட்டியாடா?" என்றான். சிரித்தான், மூக்கிலிருந்து ஒழுகுகிற அளவுக்குச் சிரித்தான், அது எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று தெரியவில்லை. நான் அவனைப் பிடித்தேனா, அவன் என்னைப் பிடித்தானா என்பதும் தெரியவில்லை.

அவன் அம்மா அந்தப் பத்திரிகையைக் கேட்டு வாங்கினார். முந்தானையால் ஒரு மூலையைத் துடைத்தார். மஞ்சள் போகுமா? இழுத்த பக்கமெல்லாம் பரவியது. முந்தானையிலும் ஒட்டிக்கொண்டது. துடைப்பதை நிறுத்திவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பெரியப்பா அதை வாங்கக் கையை நீட்டினார். அப்போது அந்த அம்மா சொன்னார்:

"இது இருந்துட்டுப் போகட்டும். நான் வெச்சுக்கறேன். நீங்க மீதியக் குடுங்க எல்லாருக்கும்."

கொஞ்ச நேரம் இருந்துவிட்டு எழுந்தேன். என் அம்மா சொல்லி அனுப்பியது நன்றாகவே ஞாபகம் இருந்தது. சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் மிதித்திருக்க வேண்டும். தேவா வாசல் வரைக்கும் வந்து நின்றான். "நாளைக்கு வரேன்டா" என்றேன். பெரியப்பா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். "வா" என்றான் தேவா.

பேச வேண்டிய இடத்திலெல்லாம் வாயை மூடிக்கொண்டிருந்த நான், வாயை மூடிக்கொண்டு வா என்று சொல்லி அனுப்பிய ஒரே இடத்தில்தான் அதைத் திறந்தேன்.